மறுபதிப்பில் வளர்ந்த மாயாவி

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 6-ஆம் தேதி, லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழ் கடைக்கு வந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த வார இதழ் பெற்றெடுத்த ஒரு நாயகனை இன்று அவன் பிறந்த ஊரைவிடப் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை நன்றாக நினைவு வைத்திருக்கிறது. மணிக்கூண்டுப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி, லூயிஸ் கிராண்டேலைத் தெரியுமா என்று கேளுங்கள், யோசிப்பார். இரும்புக்கை மாயாவி என்று சொல்லுங்கள். மின்சாரம், மறையும் உடல், அந்தரத்தில் மிதக்கும் கை என்று அவரே கதையைத் தொடங்கிவிடுவார்.

பிறந்த இடத்தில் மங்கிப்போன ஒரு காமிக்ஸ் நாயகன், ஐயாயிரம் மைலுக்கு அப்பால், வேறொரு மொழியில், மூன்று தலைமுறைக்குச் சொந்தக்காரன் ஆனது எப்படி? பொதுவாக இதற்கு இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சினிமா வந்தால் எந்த நாயகனும் பிரபலமாகிவிடுவான் என்பது. மற்றது, எல்லாம் சிறு வயது ஞாபகம் என்பது. இரண்டும் பாதி உண்மைகூட இல்லை என்பதே என் கருத்து. யாரும் அறியாத ஒரு நாயகனை வளர்ப்பவர்கள் அவனை விடாமல் அச்சிடுகிறவர்களும், அந்தப் பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறவர்களும்தான். மாயாவியின் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதற்கு முன் வெளியுலகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் இன்று வுல்வரின் என்ற பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. 1974-இல் ‘ஹல்க்’ இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், ஹல்க்கோடு சண்டை போட வந்த துணைப் பாத்திரமாகத்தான் அவன் முதலில் தலைகாட்டினான். மறு ஆண்டு எக்ஸ்-மென் குழுவில் சேர்க்கப்பட்டான். அங்கும் ஒரு கட்டத்தில் அவனைக் கழற்றிவிடலாமா என்ற பேச்சு இருந்தது. ஓவியராக வந்த ஜான் பைர்ன் கனடாவில் வளர்ந்தவர். கனடா நாட்டு நாயகனைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் பல ஆண்டுகள் விடாமல் எழுதி அவனுக்கு ஒரு கடந்த காலத்தையும் காயத்தையும் கொடுத்தார். 1982-இல் அவனுக்கென்று தனித் தொடர் வந்தது. ஹியூ ஜாக்மன் திரையில் நகத்தை நீட்டியது 2000-இல். அதற்குள் வாசகர்கள் அவனைக் கால் நூற்றாண்டு தூக்கி வளர்த்திருந்தார்கள்.

‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ கதையும் இதே மாதிரிதான். 1969-இல் அந்தப் பெயரில் ஒரு குழு அறிமுகமானது. யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 2008-இல் டான் ஆப்நெட், ஆண்டி லானிங் என்ற இரு எழுத்தாளர்கள், மார்வெலின் மூலையில் கிடந்த வேறு சில பாத்திரங்களைத் திரட்டி அதே பெயரில் புதுக்குழு அமைத்தார்கள். அதில் இருந்த க்ரூட் என்ற மரமனிதன் 1960-இல் ஓர் அரக்கனாக ஒரே கதையில் வந்து போனவன். 2014-இல் வந்த படம் அந்த 2008 தொடரின் தோளில் ஏறி நின்றது. சினிமா கடைசிப் படி. கீழே உள்ள படிகளை யாரோ பெயர் தெரியாதவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இன்னொரு மாயாவி, முகமூடி வீரர் மாயாவி. லீ ஃபால்க் 1936 பிப்ரவரியில் தொடங்கிய ‘ஃபேண்டம்’ அமெரிக்காவில் பத்திரிகைகளில் வரும் ஒரு தினசரிப் படத்தொடர். சூப்பர்மேன் தலையெடுத்த பிறகு அங்கே அதற்கு இரண்டாம் வரிசைதான். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ நிறுவனம் 1948 முதல் அவனை விடாமல் வெளியிடுகிறது. சுவீடனில் 1950 முதல் அவனுக்கென்றே ஓர் இதழ் வருகிறது. அங்கே புதுக் கதைகளையே எழுதிச் சேர்த்தார்கள். பப்புவா நியூ கினியின் வாகி பள்ளத்தாக்கில் போர்க் கேடயங்களில் அவன் உருவத்தை வரைந்தார்கள். இந்தியாவில் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவனைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோனது. தமிழில் பிறகு ராணி காமிக்ஸ் மூலம் அவன் பெட்டிக்கடை வரை வந்தான். இந்த நாடுகளுக்குள் பொதுவாக எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: மலிவு விலையில், தேதி தவறாமல், உள்ளூர் மொழியில் யாரோ அச்சிட்டார்கள்.

இனி நம் ஆள் இரும்புக்கை மாயாவிக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் ‘ஸ்டீல் கிளா’ என்ற தொடரின் நாயகனான கிராண்டேலை எழுத்தில் படைத்தவர் கென் புல்மர் என்ற ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர். வரைந்தவர் பார்சிலோனாவில் 1919-இல் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஓவியர் குடும்பம், சகோதரர்களும் அவருக்குக் கைகொடுத்தார்கள். பின்னால் கதைப் பொறுப்பு டாம் டல்லியிடம் போனது. கிராண்டேல் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலக்கை போய் எஃகுக் கை பொருத்தியிருக்கிறான். ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து; உயரழுத்த மின்சாரம் அவன் மீது பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக்கை மட்டும் தெரிகிறது.

தொடக்கத்தில் அவன் நல்லவன் இல்லை. கிடைத்த சக்தியை வைத்துக் குற்றத்தில் இறங்குகிறான். பிறகு திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். கைக்குள்ளேயே துப்பாக்கி, மயக்கவாயு, வானொலிக் கருவி எல்லாம் வந்து சேர்கின்றன. இடையில் கொஞ்ச காலம் முகமூடியும் உடையும் போட்ட அசல் சூப்பர் ஹீரோவாகவும் திரிந்தான். அது ஒட்டவில்லை, கழற்றிவிட்டார்கள். 1970-இல் தொடர் நின்றது. 1975-இல் ‘வல்கன்’ என்ற இதழ் அவனை மறுபதிப்பில் எழுப்பப் பார்த்தது. மறு ஆண்டே அந்த இதழ் வேலியன்டோடு இணைக்கப்பட்டது. அதே 1976-இல் வேலியன்டும் இன்னோர் இதழுக்குள் கரைந்து காணாமல் போனது.

ஆங்கிலேயர்கள் அவனை மறந்ததற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பிரிட்டனில் சிறுவர் வார இதழ் என்பது படித்துவிட்டுத் தூக்கிப் போடும் சரக்கு. ஒரே இதழில் பத்துப் பன்னிரண்டு கதைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கம். எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சிடும் வழக்கம் அன்று இல்லை. தொடர் முடிந்தால் தனிப் புத்தகமாக ஒருவரும் தொகுக்கவில்லை. அடுத்த தலைமுறைப் பையன் அவனைத் தேட நினைத்தாலும் கையில் கிடைக்க வழி இல்லை. 1967-68-இல் ஃப்ளீட்வே நிறுவனம் முழுநீளக் கதைகளாகச் சிறு அளவுப் புத்தகங்கள் சிலவற்றை வெளியிட்டது. அந்த முயற்சியும் அத்தோடு நின்றது. ஆனால் அந்தச் சிறு புத்தகங்கள் கடல் கடந்தன.

1972 ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. நிறுவியவர் எம். சௌந்தரபாண்டியன், ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சிட்டுப் பழகிய ஊர் அது. ஓவியத்தை அச்சில் ஏற்றத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. தமிழில் அதற்கு முன்பும் படக்கதை உண்டு. வாண்டுமாமா போன்றவர்கள் வார இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரே நாயகன், ஒரே முழுக்கதை, ஒரே புத்தகம், குறைந்த விலை என்ற ஏற்பாட்டைத் தமிழ்ப் பையன்களுக்குப் பழக்கியது முத்துதான். லண்டனில் வாராவாரம் இரண்டு பக்கமாகத் துண்டு துண்டாக வந்த கதை, இங்கே ஒரே மூச்சில் படிக்கும் புத்தகம் ஆனது. இந்த வடிவ மாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணக்கில் மாயாவியின் தமிழ் வெற்றியில் பாதி இதில் இருக்கிறது. புத்தகம் என்றால் அதற்கு முதுகு உண்டு, தலைப்பு உண்டு. அலமாரியில் நிற்கும், இரவல் போகும், திரும்பி வரும்.

‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘இயந்திரத் தலை மனிதர்கள்’, ‘கொள்ளைக்காரப் பிசாசு’ என்று தலைப்புகள் வரிசையாக வந்தன. கூடவே ஃப்ளீட்வேயின் வேறு ஆட்களும் வந்தார்கள். ஜானி நீரோ, சி.ஐ.டி. லாரன்ஸ் - டேவிட் ஆகியோர் தங்கள் நாட்டில் மாயாவியைவிடவும் மங்கலானவர்கள். இங்கே ‘கொலைகாரக் கலைஞன்’, ‘காற்றில் கரைந்த கப்பல்கள்’ என்று சொன்னால் முகம் மலரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்களிடையிலும் இந்த நாயகர்களுக்கு வாசகர்கள் உண்டு.

அப்படியானால் எல்லாருக்கும் சமமான புகழ் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. மாயாவி மற்றவர்களைவிட மேலே நின்றான். ஏன் என்று கேட்டால், மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

அந்தக் காலத்து முத்து காமிக்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறிய சாணிக் காகிதம். பிளாஸ்கோ தூரிகையால் நுணுக்கமாகப் போட்ட நிழல்கள் பல கட்டங்களில் மை திட்டாகக் கலங்கியிருக்கும். பின்னணியில் நிற்பவர் யார் என்று சில கட்டங்களில் புரியாது. ஆனால் நடுவில் மிதக்கும் அந்தக் கை மட்டும் எந்த மோசமான அச்சிலும் தப்பிப் பிழைக்கும். நாலு கோடு, விரல் மூட்டுகள், மணிக்கட்டில் ஒரு வளையம், சுற்றி வெற்றிடம். கறுப்பு வெள்ளைக்கென்றே செய்தது போன்ற உருவம். சிலேட்டில் வரையலாம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரையலாம். நாயகனின் முகத்தை வரையத் தெரியாத பையனும் மாயாவியை வரைவான், ஏனென்றால் அங்கே வரைய முகமே இல்லை. வண்ணமும் உடையும் நம்பி நிற்கும் அமெரிக்க நாயகர்களுக்கு எழுபதுகளின் மலிவு அச்சில் இந்த வசதி கிடையாது.

இரண்டாவது, அவன் சக்தியின் எல்லை. பிளக்கில் விரலை வைத்து மின்சாரம் வாங்கினால்தான் மறைய முடியும். கொஞ்ச நேரத்தில் தானாகத் தெரியத் தொடங்கிவிடுவான். மறைந்திருக்கும்போதும் கை தெரியும். அதை எங்காவது ஒளிக்க வேண்டும். இந்தச் சங்கடங்களால்தான் ஒவ்வொரு பக்கமும் நகர்ந்தது. எல்லாம் வல்லவனைப் பார்த்து வியக்கலாம். கூட ஓட முடியாது. மாயாவியோடு ஓட முடிந்தது. மின்சாரம் என்பது வீட்டில் ஒரு குண்டு பல்பும் ஒரு ரேடியோவுமாக இருந்த தெருக்களில், அந்தச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு மாயம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் எங்களை உலுக்கியது. மாயாவி படித்துவிட்டுப் பிளக் பக்கம் போகாதே என்று மிரட்டாத அம்மா எங்கள் தெருவில் இல்லை.

மூன்றாவது, மறுபதிப்பு. பிளாஸ்கோ வரைந்த கதைகளுக்கு ஒரு கணக்கு உண்டு, அது தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகு முத்து நிறுத்தவில்லை. அடுத்தடுத்த வயதுக்காரர்களுக்காக அதே கதைகளை வேறு அளவில், வேறு அட்டையில் திரும்ப வெளியிட்டது. பின்னாளில் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று மறுபதிப்புக்கென்றே தனி வரிசை வந்தது. அண்ணன் படித்த கதையைத் தம்பி படித்தான், தம்பி படித்ததை அவன் மகன் படித்தான். இங்கிலாந்தில் ஒரு தலைமுறையோடு அறுந்த கயிறு இங்கே அறாமல் வந்தது இப்படித்தான்.

1984 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. ஜூலையில் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’ கதையோடு தொடங்கியது. அதே மாதம் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினேழு வயதுதான். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓடோனல் படைத்த மாடஸ்டி பிளைஸி என்ற பெண் நாயகியை முன்னிறுத்திய துணிச்சல் இன்றைக்கும் பாராட்டத் தக்கது. ஆனால் லயனை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தவன் ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதனோடு இவனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1965-இல் ஆங்கில ‘லயன்’ இதழில் டெட் கோவன் எழுத்தில், ரெஜ் பன் ஓவியத்தில் பிறந்த குற்றச் சக்கரவர்த்தி இவன். பின்னால் இவன் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல்; சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேனைத் தந்த கை எழுதியும் ஸ்பைடர் இங்கிலாந்தில் நிலைக்கவில்லை, சிவகாசியில் நிலைத்தான். படைத்தவரின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தொடர்ந்து வெளியிட ஆள் இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

டெக்ஸ் வில்லரும் அந்தக் காலத்து வரவுதான். 1948-இல் இத்தாலியில் பொனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய கௌபாய். 1985-இல் ‘தலைவாங்கிக் குரங்கு’ கதையோடு தமிழுக்கு வந்தான். ஆங்கிலம் பேசும் உலகம் இவனை அதிகம் அறியாது. இத்தாலிக்கு வெளியே இவனுக்குக் கிடைத்த உறுதியான வாசகர் கூட்டங்களில் தமிழ்க் கூட்டமும் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த இடத்தில் முத்தியால்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதத்துக்கு வேறெந்த ஊரிலும் கிடைக்காத ஒரு சாட்சி இங்கே இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது. பள்ளி விட்டு வந்த பையன்கள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே தொடையில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார்கள். வாடகை நூலகம் ஒன்று இருந்தது. புத்தகத்துக்கு நாள் வாடகை, முன்பணம் தனி. நாலு காமிக்ஸைச் சேர்த்து வைத்துக் கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை ஒட்டியிருப்பார்கள். தையல் ஆழமாக விழுந்ததால் உள்பக்க ஓரத்துக் கட்டங்களை விரல் விட்டுப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால், ஏற்கெனவே படித்த யாராவது முடிவை வாயால் சொல்வார்கள். அந்த முடிவு ஆளுக்கு ஆள் மாறும்.

அதே தெருவில் சொல்தா வீடுகளும் இருந்தன. பிரெஞ்சுப் படையில் பணிசெய்து ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்கள். உறவினர்கள் பிரான்சிலிருந்து வரும்போது பெரிய அளவு, கெட்டி அட்டை, முழு வண்ணப் படக்கதைப் புத்தகங்களைக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு வீட்டில் ‘புளூபெரி’ புத்தகத்தை நான் புரட்டியிருக்கிறேன். ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்தது. 1963-இல் ‘பிலோத்’ இதழில் தொடங்கிய தொடர். அந்த வண்ணமும் அந்தப் பாலைவனமும் கண்ணை விட்டு அகலவில்லை. ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புரிந்தது, ஆனால் அவனுக்குப் பேச ஆள் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படக்கதைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது. 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. உலகத்தின் சிறந்த சித்திரக் கதைகள் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஓர் அலமாரியில் இருந்தன. ஆனால் அந்த நாயகர்களில் ஒருவரும் முத்தியால்பேட்டையின் நாயகன் ஆகவில்லை. மொழி ஒரு வேலி, விலை ஒரு வேலி. ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி என்றால் அது கைமாறாது. இரண்டு பையன்கள் சேர்ந்து பேசினால்தான் ஒரு நாயகன் உயிரோடு இருப்பான்.

பல ஆண்டுகள் கழித்து அதே புளூபெரி கேப்டன் டைகர் என்ற பெயரில் சிவகாசியிலிருந்து வந்தான். சிறிய அளவில், கறுப்பு வெள்ளையில், ‘தங்கக் கல்லறை’ என்ற தலைப்பில் வந்தவனை ஊரே படித்தது. முந்நூறு ஆண்டு பிரெஞ்சுத் தொடர்பு செய்யாததைச் சில ரூபாய் சாணிக் காகிதம் செய்தது. ‘XIII’ என்று பிரெஞ்சில் புகழ்பெற்ற வான் ஹாம் - வான்ஸ் தொடரும் ‘இரத்தப்படலம்’ ஆகத்தான் எங்கள் பகுதிக்கு அறிமுகமானது. நல்ல படைப்பு தானாகப் பரவும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் சரிவு வந்தது. கேபிள் டி.வி. வீட்டுக்குள் நுழைந்தது. வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தெரு நூலகம் இருந்த இடத்தில் பிறகு செல்போன் கடை வந்தது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் நின்றது. முத்துவும் லயனும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலைக்குப் போயின. இந்தச் சரிவுக் காலத்தில் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். புதிய வெளியீடு குறைந்ததும் பழைய பிரதிகளுக்கு மதிப்பு ஏறியது. படித்த பையன்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் வயதுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில், பழைய துணிக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் நடுவே சாக்கில் பரப்பிய புத்தகக் குவியலை அவர்கள் கிளறத் தொடங்கினார்கள். தேடுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

2010-இல் ‘இரத்தப்படலம்’ பதினெட்டுப் பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாக, 850 பக்கத்துக்கு மேல், முன்பதிவை நம்பி வெளியானது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு லயன் கம்பேக் ஸ்பெஷல் வந்தது. நல்ல தாள், முழு வண்ணம், விலை பல மடங்கு. வாங்கியவர்கள் முப்பதையும் நாற்பதையும் தாண்டியவர்கள். 2015-இல் டைகரின் ‘மின்னும் மரணம்’ கெட்டி அட்டையில் தொகுப்பானது. வண்ணப் புத்தகங்கள் ஒரு பக்கம் வர, மாயாவியும் ஸ்பைடரும் மறுபடியும் மறுபதிப்பில் வந்தார்கள். ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வாசகர்கள் வந்து கூடுகிறார்கள். அதில் புதுச்சேரிக்காரர்களும் உண்டு. 2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பது வயதைத் தொட்டது.

இங்கிலாந்திலும் காற்று திரும்பியது. 2005-இல் டைட்டன் நிறுவனம் ஸ்டீல் கிளா கதைகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டது. அதே ஆண்டு ஆலன் மூர் கதைக்கரு தர, அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ தொடரில் பழைய பிரிட்டிஷ் நாயகர்களோடு அவனும் தலைகாட்டினான். ஃப்ளீட்வே, ஐ.பி.சி. நிறுவனங்களின் பழைய படைப்புகளின் உரிமையை ரெபெல்லியன் நிறுவனம் 2016-லும் 2018-லும் வாங்கியது. 2021-இல் புதிய தொகுப்பு வந்தது. சொந்த நாட்டில் அவனைத் தூசி தட்டியவர்களும் அவனைப் படித்து வளர்ந்தவர்கள்தான். தமிழில் மட்டும் அந்த வேலை முப்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது.

சினிமாவைப் பற்றி ஒரு சொல். ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படம் எடுப்பது தமது நெடுநாள் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் வந்தால் மாயாவி பிரபலமாவான் என்று பேசிக்கொள்கிறார்கள். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்வது இது. ஐம்பது ஆண்டாக அந்தப் பெயரைத் தமிழர்கள் உச்சரித்ததால்தான் ஓர் இயக்குநருக்கு அந்தக் கனவே வந்தது.

ஞாபகம் என்ற விளக்கமும் போதாது என்று முன்னால் சொன்னேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழில் பொன்னி, மேத்தா, அசோக் என்று எத்தனையோ காமிக்ஸ் வரிசைகள் வந்தன. அவற்றைப் படித்தவர்களுக்கும் சிறு வயது இருந்தது. அவற்றின் நாயகர்களில் பெரும்பாலோர் பெயர்கூட இன்று யார் வாயிலும் இல்லை, ஏனென்றால் மறுபதிப்பு வரவில்லை, பிரதியும் மிஞ்சவில்லை. ஞாபகத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு வெளிநாட்டு நாயகர்களை மடியில் வைத்து வளர்த்த நாம், நமக்கென்று ஒரு நாயகனை இப்படி வளர்க்கவில்லை. இந்தியில் ராஜ் காமிக்ஸ் 1986-இல் நாகராஜையும் மறு ஆண்டு துருவாவையும் கொண்டுவந்து பல்லாண்டு விடாமல் வெளியிட்டது. தமிழில் சொந்தப் படக்கதை எழுதியவர்களும் வரைந்தவர்களும் இருந்தார்கள். லயன் அட்டைகளை வரைந்த மாலையப்பன் போன்ற கைகள் இருந்தன. ஒரே பாத்திரத்தை இருபது ஆண்டு தாங்கிப் பிடிக்கும் பொறுமை மட்டும் வாய்க்கவில்லை. வெளிநாட்டுக் கதைக்கு உரிமைத் தொகை கட்டினால் ஓவியம் தயாராக வந்துவிடும். சொந்தக் கதைக்கு எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். காரணம் பணம்தான். ஆனால் அந்தப் பணத்தைப் போட ஒருவர் இருந்திருந்தால் இன்று நமக்கும் ஒரு மாயாவி சொந்தமாக இருந்திருப்பான்.

இன்றைய அவசரம் வேறு. 1972 முதல் வந்த இந்தப் புத்தகங்களின் தாள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. முழு வரிசையும் தனி ஆட்களின் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும்தான் சிதறிக் கிடக்கிறது. புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. சிறுவர் பகுதியில் ஓர் அலமாரியைத் தமிழ்க் காமிக்ஸுக்கென்று ஒதுக்கினால் புதுவை அரசுக்குப் பெரிய செலவு இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சில் வந்தவற்றைக் காப்பதையே வேலையாகச் செய்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கோணி ஊசியால் தைத்த பழைய முத்து காமிக்ஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் இந்த நூலகங்களில் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள்.